வினா எழவில்லை

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு நண்பன் சித்தார்த்தனுக்கு,

வளன் எழுதுகிறேன். நீயும் வீட்டாரும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். எம்.எல்.ஏ.வின் உதவியாளனாகச் சென்னையில் ஓடிக்கொண்டிருக்கும் உனக்குக் கடிதம் படிக்க நேரமிருக்காது. ஆனாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உங்க ஆபீசுல எவனோ பொய் எழுதிக் குடுத்துக்கிறான், யாருன்னு பாருடா" என்று கேட்டிருந்தாய். தேட வேண்டியதில்லை. நான்தான்.

உங்கள் சட்டமன்றக் கேள்வி விழுப்புரம் சுகாதாரத் துறை அலுவலகத்தில் என் மேசைக்கே வந்தது. நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா, இல்லையெனில் எப்போது நிரப்பப்படும் என்று கேட்டிருந்தீர்கள். அங்கே டாக்டர் இல்லாததால் என் தங்கை ஜெசிந்தாவின் குழந்தை பிறந்த அன்றே இறந்ததை உன்னிடம் அழுது சொன்னேனே, அதனால் வந்த கேள்வி என்று பார்த்ததுமே தெரிந்தது.

முதலில் உள்ளதைத்தான் எழுதினேன். மருத்துவர் பெயர் நம் ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் எட்டு மாதமாக மாற்றுப்பணியில் வேறிடத்தில் இருக்கிறார் என்று. கண்காணிப்பாளர் கோதண்டபாணி 'ஆனால்' தொடங்கி மீதியைச் சிவப்பு மையில் அடித்தார். "போஸ்டு ஃபில்லப் ஆயிருக்கா இல்லியா? அத மட்டும் எழுதுப்பா. கேக்காதத எதுக்கு எழுதிக்கினு இருக்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா இறந்ததால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை இது. என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவரிடம்தான் கிடக்கிறது.

'ஆம், நிரப்பப்பட்டுள்ளது' என்று எழுதினேன். எப்போது என்பதற்கு 'வினா எழவில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன். அமைச்சர் அதைச் சட்டமன்றத்தில் அப்படியே வாசித்தார். உன் எம்.எல்.ஏ. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அமைச்சர் பதில் சொன்ன வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிறு பூசை முடிந்து வந்த ஜெசிந்தா அதை எனக்கே போட்டுக் காட்டினாள். "அப்ப நான் வலியோட போன அன்னிக்கி டாக்டரு உள்ளதான் இருந்தாராண்ணே? நர்சம்மா இல்லன்னாங்களே. நான்தான் சரியா கேக்கலியா?" என்றாள். மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் இனியவன், "நானாச்சும் உள்ள பூந்து பாத்திருக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டான். நான் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன்.

அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேட்கச் சொல். பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று கேட்காதீர்கள். எட்டு மாதத்தில் மருத்துவர் எந்தெந்தத் தேதியில் அங்கே வந்து நோயாளிகளைப் பார்த்தார் என்று கேளுங்கள். அந்தத் தாளும் என்னிடம்தான் வரும். அப்போது உண்மையை எழுதுவேன் என்று சத்தியம் செய்ய இன்று எனக்குத் துணிவில்லை. ஆனால் தப்பிக்க வழியில்லாதபடி கேளுங்கள்.

மாதா கோயில் திருவிழாவுக்கு நீ அவசியம் ஊருக்கு வர வேண்டும். வந்ததும் ஜெசிந்தாவைப் பார். அன்று டாக்டர் உள்ளே இல்லை, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று நீயே சொல்லிவிடு. நான் சொன்னால், அப்போ அப்படி எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்பாள்.

உன்,
வளன்