யாளிக்கு வந்த கோபம்

அக்காள் பெற்ற அரசிளங்குமரிக்கு,

யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது பையனுடைய அத்தை உன் பல்லைப் பற்றிச் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். அதற்காகத்தானே வாயை மூடிக்கொண்டு பட்டணத்துச் சித்தி வீட்டுக்கு ஓடினாய்? ஆனால் அது வரதர் கோயில் தூணில் இருக்கும் யாளியின் காதில் விழுந்துவிட்டது. "எம் பல்லு மாதிரின்னா அது வசவாப் போச்சா?" என்று அது உறுமியதில் ஊர்த் தறிகளெல்லாம் நின்றுவிட்டன. தூணைவிட்டு இறங்கி, அந்த அத்தை இருக்கும் ஓரிக்கைக்குப் போகிற வழியில் பாலாற்றை ஒரே மடக்கில் குடித்தது. ஆற்றில் ஏது தண்ணீர் என்று கேட்காதே, அதனால்தான் இல்லை. அவள் வீட்டு வாசலில் போய் நின்று, "நல்லாப் பாரும்மா!" என்று வாயைத் திறந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நேற்று நானும் அந்தத் தூணடியில் நின்றேன். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கும் கண். உலகத்தில் இல்லாத மிருகத்துக்குச் சிற்பி பல்லைத்தான் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். அதில் ஒரு பொய்கூடச் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கே!

மற்றதெல்லாம் பொய்தான். ஆனால் அங்கே பக்கத்தில் உன்னைப் பார்க்க வந்த பையன் அண்ணாந்து நின்றது மட்டும் நிஜம். அதற்குள் என்னை மாமா என்கிறான்!

"தினம் வந்து பாத்துக்கினு இருக்கேன் மாமா. இந்தப் பல்லு எவ்ளோ அழகா இருக்குது! அவங்க அன்னைக்கு ஒரு தடவை சிரிச்சிருக்கலாம்."

இப்படிக்கு,
உன் பொய்யன் மாமன்