இரண்டாம் வகுப்புக்குத் திரும்பிய பிள்ளை

மைனி,

இன்று காலையில் மழை சற்று விட்டிருந்தது. பின்கதவைத் திறந்தேன். விளையில், மரங்களுக்கு அடியில், ஓர் அயனிச்சக்கை, அந்தச் சின்னக் காட்டுப் பலா, பழுத்து விழுந்து உடைந்து கிடந்தது. அதன் மணம் ஈரக்காற்றோடு கலந்து அடுக்களை வரைக்கும் வந்தது. கூடவே நீங்களும் வந்தீர்கள். கழுத்தில் விசில் தொங்க, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்துப் புழுதியோடு ஸ்கூட்டரிலிருந்து இறங்கினீர்கள். "சக்கை கிடந்து அழுகுது, உனக்குக் கண்ணு தெரியல்லியா ஏட்டி?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தீர்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அண்ணனையும் எங்களையும் விட்டு நீங்கள் போன பிறகு வருகிற இரண்டாவது மழைக்காலம் இது. குலசேகரத்தில் மழை பெய்யும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே எது பகல், எது அந்தி என்று தெரியாது. அந்த வெளிச்சத்தில் நடக்கும்போது நடந்ததும் நடக்காததும் ஒன்றுபோல இருக்கிறது. என் மகள் ஜெமிக்கு ஏழு வயதாக இருந்த அந்த வருஷமும் அப்படித்தான் எனக்குள் கிடக்கிறது, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கல் மாதிரி.

உங்களுக்குத் தெரியாததா! நாலு வயது நிறையும் முன்பே பத்திரிகை வாசித்த பிள்ளை. ஸ்கூல் வேனில் பெரிய பிள்ளைகளின் கணக்கை வாயாலேயே போட்டுக் கொடுப்பாள். ஆனால் இரண்டாம் வகுப்பில் பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். பக்கத்துப் பிள்ளை கை பட்டால் அலறுவாள். "இவளுக்கு இஞ்ச போரடிக்குது. அஞ்சாங்கிளாஸுக்கு ஏத்திவிட்டா எல்லாம் சரியாவும்" என்றார் பிரின்ஸிபால் மேடம். மஸ்கட்டிலிருந்து ஜெமியின் அப்பா வீடியோவில் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் தெரிகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் எல்லாரும் கை குலுக்கினார்கள். எங்கள் தெருவில் ட்ரிபிள் புரமோஷன் என்ற சொல்லே அன்றைக்குத்தான் புழக்கத்துக்கு வந்தது.

ஐந்தாம் வகுப்பில் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. மற்ற எல்லாம் பெரிதாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. அந்தப் பிள்ளைகள் பேசிச் சிரிப்பது அவளுக்குப் புரியாது. மத்தியானம் டிபன் பாக்ஸை மூடியபடியே திருப்பிக் கொண்டுவருவாள். ஓணம் லீவு முடிந்து போனவள் பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். கணக்குக்கும் பதில் சொல்வதில்லை. திங்கட்கிழமை ஆனால் உடம்பு கொதிக்கும். "வேற ஸ்கூல் பாத்துக்கிடுங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் வந்து அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க, காத்து வாங்கிட்டு வருவோம்" என்று அண்ணனின் காரில் எங்களை வட்டக்கோட்டைக்குக் கூட்டிப்போனீர்கள். கோட்டை மேலிருந்து பார்த்தால் கடல் இரண்டு நிறமாகக் கிடந்தது. காற்று பேச்சைப் பிய்த்துக்கொண்டு போனது. யார் வீட்டுப் பிள்ளைகளோ சரிவில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜெமி மதிலோடு மதிலாக நின்று அவர்களையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. நீங்கள் அவள் பக்கத்தில் போய், கை படாத தூரத்தில் நின்றீர்கள். நீங்களும் அந்த ஆட்டத்தையே பார்த்தீர்கள். பிறகு மெதுவாக, "என்ன மக்கா பாக்குத?" என்றீர்கள்.

"எல்லாரும் ஒண்ணுபோல சிரிக்காங்க மாமி. எப்போ சிரிக்கணும்னு அவங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

வாரக்கணக்கில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நீங்கள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "எனக்கும் தெரியாது. நாம பாத்துக் கண்டுபிடிப்போம்" என்றீர்கள். வெயில் தாழும் வரை இருவரும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றீர்கள். நான் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் காற்றுச் சத்தம் கேட்கிறது.

திரும்பி வரும்போது அவள் தூங்கிவிட்டாள். நீங்கள் சொன்னீர்கள்: "கணக்குல அவ அஞ்சாங்கிளாஸ். கூட்டத்துல சேருததுல ஒண்ணாங்கிளாஸ் கூட ஆவல்ல. பிள்ளை ஒண்ணுதான், ஆனா வயசு ரெண்டு மூணு கிடக்கு உள்ள. எல்லாத்தையும் ஒரே பெஞ்சுல இருத்தணும்னா எப்படிட்டி?"

திங்கட்கிழமை உங்கள் பள்ளிக்கு லீவு போட்டு, என்னோடு ஜெமியின் பள்ளிக்கு வந்தீர்கள். "இறக்கினா பிள்ளைக்கு அவமானம். எங்களுக்கும் பேச்சு வரும்" என்றார் பிரின்ஸிபால் மேடம்.

"அவமானம் நமக்குத்தான் மேடம். அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. ரெண்டாங்கிளாஸ்ல இருக்கட்டும். கணக்கு பீரியடுக்கு மட்டும் அஞ்சாங்கிளாஸுக்குப் போவட்டும்" என்றீர்கள் நீங்கள்.

"அப்படி வழக்கமில்ல. டைம்டேபிள் ஒத்துவராது."

"ரெண்டு கிளாஸுக்கும் கணக்க ஒரே பீரியடுல வச்சா ஒத்துவரும். நானும் டைம்டேபிள் போடுகவதான்."

மேடம் உங்கள் முகத்தையே பார்த்தார். பிறகு, "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம்" என்றார்.

அன்று சாயந்திரம் மஸ்கட்டிலிருந்து அவள் அப்பா போனில் கத்தினார். "ஏறின பிள்ளைய யாராவது இறக்குவாங்களா? ஊருல தலைகாட்ட முடியுமா?" போனை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. "அவளுட்ட கேளு" என்று மட்டும் கண்ணைக் காட்டினீர்கள். நான் போனை ஜெமியிடம் கொடுத்தேன். அவள், "அப்பா, அங்க என் கால் ஆடிக்கிட்டே இருக்கு" என்றாள். அந்தப் பக்கம் கத்தல் நின்றது. பிறகு, "செரி மக்கா, இறங்கிக்கோ" என்றார்.

உடனே எல்லாம் நன்றாகிவிடவில்லை. "தோத்துட்டு வந்திருக்கா" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். வீட்டுக்கு வந்து சுவரில் தலையை முட்டினாள். உங்களிடம் அழுதேன். "இதும் தப்பாப் போச்சோ மைனி?" என்று கேட்டேன். "போயிருக்கலாம். எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சியா? கிறிஸ்மஸ் வரட்டும்" என்றீர்கள். அந்தப் பதில் எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

சாயந்திரங்களில் நீங்கள் முற்றத்தில் கிளித்தட்டு ஆட்டத்துக்குக் கோடு போட்டீர்கள். முதலில் நாம் மூன்று பேர். அடுத்த வீட்டு அபி தானாக வந்து நாலாவதாகச் சேர்ந்தாள். அவளும் இரண்டாம் வகுப்புதான். எப்போது ஓட வேண்டும், அடிபட்டால் எப்படி வெளியே நிற்க வேண்டும் என்பதை ஜெமி கணக்குப் படிப்பதுபோலப் படித்தாள். டிசம்பர் மழையில் ஒருநாள் யூனிபார்ம் முழுக்கச் சேறாக வேனிலிருந்து இறங்கி ஓவென்று அழுதாள். பதறி ஓடினேன். "அபி என்னை அவுட் ஆக்கிட்டா! நாளைக்கு நான் அவள ஆக்குவேன்!" என்றாள். உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீங்கள் விசிலை எடுத்துப் போனிலேயே ஓங்கி ஊதினீர்கள். என் காது அடைத்துப்போனது.

அதற்கு ஐந்து வருஷம் கழித்து ஒருநாள், உங்கள் பள்ளி ஸ்போர்ட்ஸ் டே முடிந்து வந்து, "தல வலிக்குது, கொஞ்சம் படுக்கேன்" என்று படுத்தீர்கள். பிறகு எழுந்திருக்கவில்லை. அண்ணன் இன்னும் உங்கள் ஸ்கூட்டரைத் துடைத்து வைக்கிறான். கல்லறைத் தோட்டத்துக்கு ஜெமி எங்களோடு வர மாட்டாள், தனியாகப் போய் வருவாள். அங்கே என்ன பேசுகிறாள் என்று நான் கேட்டதில்லை.

இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். காலேஜ் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறாள். சிநேகிதி என்றால் அபி ஒருத்திதான். போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "அம்மா, அன்னைக்கு இறங்கல்லன்னா இப்போ பன்னிரெண்டாவதுல இருப்பேன், இல்லியா?"

"இருப்பே."

"நல்லா இருந்திருப்பேனா?"

வாய் நிறையப் பதில்கள் வந்தன. செய்தது சரிதான் என்று நிரூபிக்கிற பதில்கள். ஒவ்வொன்றையும் விழுங்கினேன். அந்த நேரம் எனக்குள் இருந்து பேசியது நான்தானா என்று தெரியவில்லை மைனி. "தெரியல்ல மக்கா. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் எனக்கு மனசில்ல" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்ப்பது அபூர்வம். "செரி. அப்போ நான் யோசிச்சுப் பாக்கேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் யோசிக்கட்டும். அவள் யோசித்து முடிக்கும் வரை பக்கத்தில் சும்மா இருக்க எனக்குத் தெரியும். அதை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.