முன்னால் காலியாகக் கிடக்கும் இடம்

வொல்லொங்காங்,
மே மாதம், 1998.

கோபத்தில் இருக்கும் க்ளெனிஸுக்கு, உன்னைவிடக் கோபத்தில் இருக்கும் நொலீன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். நலமாக இல்லாதபோது அப்படி எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அதைப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் இருந்த ஆட்டுக்கறி தீய்ந்துபோயிற்று. ஆங்கர் பப்பில் கச்சேரி நடக்கும் பின்னறையை நகராட்சி மூடினால் உனக்குச் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறாய். உன் இரண்டு காதையும் தின்றது அந்த அறைதான் என்றும் எழுதியிருக்கிறாய். டெலிபோனில் கூப்பிட்டுச் சண்டை போடலாம் என்றால், நீ மூன்று தரம் "என்னது, என்னது" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் மடித்து மேசை டிராயரில் போடாதே.

காது போனது பெரிய நஷ்டம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறை உன் பின்னால் ஓடிவந்தா காதைக் கடித்தது? இருபது வருடமாக வலதுபக்க ஸ்பீக்கருக்கும் தூணுக்கும் நடுவில் போய் நின்றவள் நீ. பஞ்சு வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொன்னேன். "பஞ்ச வச்சுக்கிட்டுக் கேக்குறதுக்கு வீட்லயே ரேடியோ கேக்கலாம்டீ" என்று சொல்லுவாய். சொல்லிவிட்டு இன்னும் ஓர் அடி ஸ்பீக்கர் பக்கமாக நகருவாய், என்னை வெறுப்பேற்றுவதற்காகவே.

சரி, செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பப்புக்குப் பின்னால் பழைய பாட்டில் கிடங்கு இருந்த இடத்தில் அடுக்கு வீடு கட்டினார்கள் அல்லவா? அங்கே குடிவந்தவர்கள்தான் புகார் கொடுத்திருக்கிறார்கள். பப் இருக்கிறது என்று பார்த்துத்தான் வீடு வாங்கினார்கள். வாங்கியபிறகு பப்பில் சத்தம் கேட்கிறதாம். கடற்கரையில் வீடு வாங்கிவிட்டு அலையை நிறுத்தச் சொல்கிற கூட்டம். நகராட்சி விசாரணை வைத்தது. கச்சேரிக்கு அனுமதி போனால் பின்னறை முழுக்கச் சூதாட்ட மெஷின்களை நிறுத்திவிடப் போவதாக மெர்வ் சொல்லிவிட்டான். பப் அவனுடையது, அவன் என்ன செய்வான்? மெஷினுக்கு ஸ்பீக்கர் வேண்டாம், அது குடித்துவிட்டு மேடையில் விழாது.

விசாரணைக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள், க்ளெனிஸ். எனக்கே ஆச்சரியம். இரும்பாலை ஷிப்டு முடிந்து சட்டை மாற்றாமல் வந்தவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், சவுண்டு பார்க்கிற டாரில், 'டின் ஷெட்ஸ்' குழுவில் பாடுகிற நம் காலின். அறை நிறைந்துவிட்டது. எனக்கு நெஞ்சு பூரித்தது. இனி என்ன, நம் பக்கம்தான் என்று நினைத்தேன்.

அப்புறம் பார்த்தால், அத்தனை பேரும் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள்!

உனக்குத் தெரியாததா? கச்சேரிக்கு வந்தால் நம் ஊர்க்காரர்கள் எப்படி நிற்பார்கள்? மேடைக்கு முன்னால் பிறை வடிவத்தில் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கையில் பீரோடு சுவரோரமாக ஒட்டிக்கொள்வார்கள். முன்னால் போய் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்களாம். பாடுகிறவன் பாவம், வெறும் பலகைத் தரையைப் பார்த்துக் காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். அதே மாதிரி நகராட்சியிலும் நின்றார்கள். நாற்காலி வரிசை வரிசையாகக் காலி. புகார் கொடுத்த அடுக்கு வீட்டுக்காரர்கள் மட்டும் முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

விசாரணையை நடத்திய தலைவியம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பப்புக்காகப் பேச வந்தவர்கள் முன்னால் வரலாம் என்றார். ஒருவரும் அசையவில்லை. மெர்வ் காலினைப் பார்த்தான். காலின் தன் பூட்ஸைப் பார்த்தான். மைக்கைப் பிடித்தால் மேடையை விட்டு இறங்காதவன், அங்கே வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் கால் வரவில்லை. நான் என்றைக்கு முதலில் போனேன்? நான் எப்போதும் இரண்டாவது ஆள். முதலில் போகிறவள் நீ. நீ போவாய், உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் வருவேன், எனக்குப் பின்னால் மற்றவர்கள் வருவார்கள். இருபது வருடம் இப்படித்தான் நடந்தது. அந்த முதுகு இப்போது தாஸ்மேனியாவில் உன் தங்கை வீட்டு ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து வெயில் காய்கிறது.

யாரும் பேசாததால் பப் தரப்பில் ஆட்சேபம் இல்லை என்றே எழுதப் போனார்கள். டாரில்தான் பின்னாலிருந்து ஏதோ முனகினான். அவன் அவகாசம் கேட்டதாக நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, இன்னொரு நாள் தருகிறோம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். ஜூன் கடைசியில்.

முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? டின் ஷெட்ஸ் முதல்முறையாக நம் பின்னறையில் வாசித்த வெள்ளிக்கிழமை. நீ மீன் வறுக்கும் கடையிலிருந்து நேரே வந்திருந்தாய், தலைமுடியெல்லாம் எண்ணெய் வாசனை. பாட்டுக்கு நடுவில் மெர்வின் அப்பா மைக்கைப் பிடுங்கி, சீட்டு எடுத்துக் கறியைப் பரிசாகக் கொடுக்கும் இறைச்சிக் குலுக்கலை நடத்தினார். உன் சீட்டுக்குத்தான் விழுந்தது. ஒரு தட்டு நிறைய ஆட்டுச் சாப்ஸும் சாஸேஜும். எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாய். காலின் அப்போது ஒல்லிக்குச்சி, குரல் நடுங்க நடுங்க மறுபடி ஆரம்பித்தான். எதிரே ஓர் ஆள் இல்லை. நீ அவன் முகத்தைப் பார்த்தாய். என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"வாடீ, அங்க என்ன முதலையா படுத்துக் கிடக்கு?"

கறித்தட்டோடு நடுவில் போய் நின்றாய். காலின் பாட்டை நிறுத்தாமலேயே, கறி வாங்க வந்தவர்களாவது கிட்டே வந்தார்களே என்று மைக்கில் சொன்னான். அறையே சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்றைக்குச் சாஸேஜ் ஒன்று நழுவி டிரம்முக்கு அடியில் போய்விட்டது. அடுத்த வாரம் வரை அந்த நாற்றம்.

பெரிய அரங்கத்துக்கெல்லாம் என்னைச் சிட்னிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய். எறும்பு அளவு ஆட்களைப் பார்த்துவிட்டு வந்தோம். பின்னறையில் காலினுடைய வேர்வை நம் மேல் தெறிக்கும். கிடாரில் கம்பி அறுந்தால் நீ பின்னலில் இருந்து கொண்டை ஊசியை எடுத்துக் கொடுப்பாய், அது எதற்குப் பயன்படும் என்று உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அதைப் போய் மூடட்டும் என்கிறாயே. எப்படி மனசு வந்தது?

ஜூனுக்கு வா. வந்து முன்னால் நட. பேசக்கூட வேண்டாம். உன் தங்கைக்கு என் அன்பைச் சொல். அவள் அனுப்பிய ஜாம் நன்றாக இருந்தது, சர்க்கரைதான் அதிகம்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
நொலீன்.



வொல்லொங்காங்,
ஜூலை மாதம், 1998.

ஆட்டுப் படம் அனுப்பிய க்ளெனிஸுக்கு, நொலீன் எழுதுவது.

அட்டை வந்தது. நான் இரண்டு பக்கமும் நிறைய எழுதிய கடிதத்துக்குப் பதிலாகச் செம்மறியாட்டுப் படம் ஒன்று. அதன் பின்னால் ஒற்றை வரி: "வர முடியாது. கேக்காதவளுக்கு அங்க என்ன வேலை?" அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த ஆட்டைத் திட்டுகிறேன். ஆடு ஒன்றும் சொல்வதில்லை. உன்னைப் போலவே.

விசாரணைக்குப் போனோம். மறுபடியும் பின்சுவர், மறுபடியும் காலி நாற்காலிகள். தலைவியம்மாள் கூப்பிட்டார். நான் வழக்கம்போல் எனக்கு முன்னால் உன் முதுகைத் தேடினேன். இல்லை. எரிச்சல் தலைக்கேறி நடக்க ஆரம்பித்துவிட்டேன். தைரியம் என்று நினைத்துவிடாதே, உன் மேல் இருந்த ஆத்திரம்தான் என்னைத் தள்ளியது. முன்னால் போனபிறகு திரும்பவும் வழியில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், எனக்கு என்ன பேச வரும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இந்த ரூம்லதாங்க என் சிநேகிதிக்குக் காது போச்சு. மூடுங்கன்னுதான் அவளே சொல்றா. நான் மூடாதீங்கன்னு கேக்க வந்திருக்கேன். அவ என்னைக்காவது திரும்பி வந்தா, நிக்க ஒரு எடம் வேணும்ல?"

எனக்குப் பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், நம் ஆட்கள் முன்வரிசை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். காலின் பேசினான். மெர்வ் பேசினான். சந்தோஷப்பட்டுவிடாதே. நம் அதிர்ஷ்டம் அப்படி நல்லதாக முடியுமா? அடுக்கு வீட்டுக்காரர்களில் ஒருவர் எழுந்து, பார்த்தீர்களா, காதையே கெடுக்கிற சத்தம் என்று அந்தம்மாளே ஒப்புக்கொண்டார் என்றார். என் வாயால் வந்த வார்த்தையை எடுத்து என்னையே அடித்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

முடிவு இதுதான். அறையை மூடவில்லை. வெள்ளி, சனி கச்சேரி நடக்கலாம். ஆனால் சுவரில் ஒரு பெட்டி மாட்ட வேண்டும். சத்தம் அளவோடு இருந்தால் பச்சை விளக்கு. ஏறினால் மஞ்சள். சிவப்பு எரிந்தால் மேடைக்குப் போகும் கரண்டையே அது நிறுத்திவிடும்.

போன வெள்ளிக்கிழமை பெட்டியோடு முதல் கச்சேரி. டின் ஷெட்ஸ்தான். முதல் பாட்டில் பல்லவி வந்தது, சிவப்பு எரிந்தது, கரண்டு போயிற்று. டாரில் ஸ்டூலில் ஏறி மறுபடி போட்டான். மறுபடி பல்லவி, மறுபடி போயிற்று. காலின் எலி மாதிரிப் பாடிப் பார்த்தான். கூட்டம் கைதட்டியது, அந்தக் கைதட்டலுக்கே சிவப்பு எரிந்தது. இறைச்சிக் குலுக்கலை மெர்வ் மைக் இல்லாமல் கத்தி நடத்தினான். ஜெயித்தவர் யாரென்றே பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்துவிட்டேன். இதற்காகவா அத்தனை பேர் முன்னால் போய் நின்று அவமானப்பட்டேன்?

மறுபடி கரண்டு போனபோது டிரம்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவருக்குக் கரண்டு எதற்கு? நம் ஆட்கள் சுவரோரம் பிறையாக நின்றுகொண்டு, பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பையோடேயே நடுவில் போய்த் தரையில் ஓங்கி மிதித்தேன். கோபத்தில்தான் மிதித்தேன், தாளத்துக்கு இல்லை. ஆனால் அது தாளத்தில் விழுந்துவிட்டது. இன்னொருவர் வந்து மிதித்தார். அப்புறம் அறை முழுக்க. பலகைத் தரை அல்லவா, இரும்பாலைப் பூட்ஸ் வேறு. பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. எரியட்டும், காலை நிறுத்த அதற்கு எந்தக் கரண்டைப் பிடுங்கத் தெரியும்? காலின் மைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் தொண்டையில் பாடினான். அடுக்கு வீட்டுக்காரர்கள் சீக்கிரமே இன்னொரு புகார் எழுதுவார்கள். அதையும் போய்ப் பார்ப்பேன்.

இனிச் சொல்லப்போவதற்குச் சிரிக்காதே. உன் தூணில் போய்ச் சாய்ந்துகொண்டு, இரண்டு காதையும் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே. குரல் போயிற்று. ஆனால் பாட்டு போகவில்லை, க்ளெனிஸ். முழங்கால் வழியாக வந்தது, தூண் வழியாக முதுகில் ஏறியது. பல்லவி எங்கே திரும்புகிறது, எங்கே நின்று ஏறுகிறது என்று எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் நீ இல்லாததுதான் காரணம், வேறொன்றுமில்லை.

கேட்காதவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தாய். என் பதில் இதுதான். இதற்குமேல் உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

அங்கே ஜூலைக் குளிர் கடுமையாக இருக்கும். கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு காலைப் பத்திரமாக வைத்துக்கொள். உன் காதுக்காக வேண்டிப் பார்த்தாயிற்று, பலனில்லை. இனி உன் கால் இரண்டும் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும்.

தூணுக்குப் பக்கத்தில் உன் இடம் அப்படியேதான் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களைத் தெரியாதா, யாரும் அங்கே நிற்கவில்லை. எனக்கு முதல் ஆளாகப் போவது ஒத்துவரவில்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டேன், முன்னால் ஆளில்லாமல் ரொம்பக் காற்றடிக்கிறது.

நீ முன்னால் போ. நான் பின்னாலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் இரண்டாவது ஆள்,
நொலீன்.