உன் பாம்பும் என் நாயும்

மடு மாதா துணை

பென்டில் ஹில்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள மகள் பிறின்சிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நாய் றஸ்ரியும் உயிரோடு இருக்கிறான், அது எப்படி என்பதைப் பின்னால் எழுதுகிறேன். வெலிங்டன் காற்றிலும் குளிரிலும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இதென்ன அப்பா கடிதம் எழுதத் தொடங்கிவிட்டார் என்று நீ சிரிப்பாய். சிரி. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ வேலைக்குப் போகிற வழியில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுகிறாய். போனில் சொல்ல வெளிக்கிட்டால் அம்மா பக்கத்தில் நிற்கிறார். அதனால்தான் பேப்பரும் பேனையும். உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கடைசி வகுப்பு மட்டும் கொண்டுபோய் இறக்கியவன் நான், எச்.எஸ்.சி. சோதனையிலும் நீ தமிழ் எடுத்தாய், ஆனபடியால் வாசிக்க வராது என்று சொல்ல ஏலாது. ஒரு இடத்தில் இருந்து முடிவு வரைக்கும் வாசி.

விஷயம் உன் பாம்புதான். ஒரு வருட வேலை, முடிந்ததும் வந்துவிடுவேன், அதுவரைக்கும் பெர்லைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். நியூசிலாந்துக்குள் பாம்பை எந்த வழியாலும் விடமாட்டார்கள் என்பது உனக்கு ரிக்கற் போடும்போதே தெரியும். இப்போது அங்கே வேலை நிரந்தரம், வீடும் பார்க்கிறாய், சந்தோஷம், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பாம்பு மட்டும் இங்கே. நீ விட்டுப்போனபோது இடுப்புப் பெல்ற் மாதிரி இருந்தது. இப்போது நான் அதன் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தாலும் அதுதான் நீளம், நடு உடம்பு என் கையைவிடத் தடிப்பு. உன் கட்டிலைக் கழற்றிக் கராஜில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அந்தக் கார்ப்பெற் பைதன் மலைப்பாம்புக்குப் பெரிய கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறோம். ஃபிறீசரைத் திறந்தால் ஒரு பக்கம் விளைமீன், மற்றப் பக்கம் உறைந்த எலி. வீட்டுக்கு வருகிற சனம் ஐஸ் கேட்டால் அவர்கள் எழும்புவதற்கு முன் நான் ஓடவேண்டியிருக்கிறது. அம்மாவை நினைத்துப்பார். ஆரம்பத்தில் உன் அறைக் கதவில் தீர்த்தம் தெளித்தவர். மாதா சொரூபத்தின் காலடியில் கிடக்கிற பாம்பைக் காட்டி, நாங்கள் இதை உயிரோடு வைத்துச் சோறு போடுகிறோமே என்று அழுதவர். அவர்தான் இப்போது அதை முத்து என்று கூப்பிடுகிறார். விடிந்ததும் பெட்டிக்குள் சூடு சரியா என்று பார்க்கிறார், தண்ணீர் மாற்றுகிறார், குளிர்காலத்தில் கரண்ட் நின்றபோது சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். அதே கிழமை எனக்குக் காய்ச்சல், கொத்தமல்லி நானே அவித்துக் குடித்தேன்.

றஸ்ரியை உனக்குத் தெரியும். நான் பஸ் ஓடுவதை நிறுத்தியபோது, வீட்டில் இருந்தால் ஆள் விழுந்துவிடுவார், நடக்கவேணும் என்று டொக்டர் சொல்ல, நீயும் நானும் போய்த்தான் அவனை நாய்க் காப்பகத்தில் இருந்து கூட்டி வந்தோம். ஆனால் இப்போதைய றஸ்ரியை உனக்குத் தெரியாது. பாம்பு பெருக்கப் பெருக்க அவன் சிறுத்துப்போனான். உன் அறை வாசலில் போய் மூக்கை வைத்து இழுப்பான், உறுமுவான், பிறகு வந்து என் கதிரைக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடப்பான். இதை நான் உனக்குப் போனில் சொன்னேன். ஒருதரம் இல்லை. ரிலாக்ஸ் அப்பா, பெர்ல் இஸ் எ சுவீற்ஹார்ட் என்றாய். அவள் யாருக்கு சுவீற்ஹார்ட் என்று அன்றைக்கே கேட்டிருப்பேன், அம்மா போனைப் பறித்துவிட்டார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்ததை நீ அம்மாவின் வாயால் அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய், முழுதும் கேள். அன்று பாம்புக்குச் சாப்பாட்டு நாள். நான் நாயோடு வெளியே போகிற நேரமாகப் பார்த்து அம்மா எலியைச் சுடுதண்ணீரில் இளகவைத்துப் பெட்டியைத் திறந்திருக்கிறார். வழக்கமாக நாங்கள் ஸ்டேசன் பக்கம் நடந்து, தமிழ்க் கடை வாசலில் நின்று நாலு கதை கதைத்துவிட்டுத்தான் திரும்புவோம். அன்று பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ளத் திரும்பிவிட்டோம். நான் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், றஸ்ரிக்கு எலி மணம் அடித்துவிட்டது, கழுத்துப் பட்டியோடு உள்ளே பாய்ந்துவிட்டான். அம்மாவின் ஒரு கையில் இடுக்கி, மற்றக் கையில் எலிப் பாத்திரம், அறைக் கதவு சும்மா சாத்திக் கிடந்தது. நாய் குரைக்கவில்லை பிறின்சி. ஒரு கத்தல், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. நான் ஒற்றைச் சப்பாத்தோடு ஓடினேன். உன் சுவீற்ஹார்ட் அவனுடைய தோளில் பல்லைப் பதித்து, உடம்பால் சுற்றுமேல் சுற்றாகச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தது அவனுடைய முகமும் ஒரு பின்னங்காலும்தான். நான் பாம்பின் தலையைப் பிடித்து இழுக்கப் போனேன். அம்மா என் கையில் ஓங்கி அடித்தார். "தலையை இழுக்காதேங்கோ, நாய்க்குச் சதை பிய்யும், வாலைப் பிடியுங்கோ, வாலில இருந்து சுத்தை எடுங்கோ" என்று கத்திக்கொண்டு, முழங்கால் நோவையும் மறந்து நிலத்தில் குந்தி அவரே வாலைப் பிடித்துவிட்டார். நானும் பிடித்தேன். அதன் பலத்தை உனக்கு எப்படிச் சொல்ல. ஒரு சுற்றை அவிழ்த்தால் மற்றச் சுற்றால் இறுக்குகிறது, நாயின் நாக்கு நீலம் பாரிக்கிறது. "பாத்றூமில வாய் கொப்பளிக்கிற மருந்து இருக்கு, அதில ஸ்பிரிற் இருக்கு, ஓடுங்கோ" என்றார். ஓடினேன், அவசரத்தில் முக்கால்வாசி அம்மாவின் சட்டையில் ஊற்றினேன், மிச்சம் கொஞ்சம் பாம்பின் வாய்க்குள் போனது, அது பிடியை விட்டது. அம்மா அவ்வளவு பெரிய பாம்பை அப்படியே இரண்டு கையாலும் அள்ளிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். நான் நாயை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினேன்.

விலா எலும்பு ஒன்று வெடித்திருந்தது. தோளுக்குள் முறிந்து கிடந்த பாம்புப் பல்லை மிருக டொக்டர் எடுத்தார். தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார், இரண்டையும் இனி ஒரு கூரைக்குக் கீழே வைக்காதேங்கோ என்றும் சொன்னார். அங்கே வெளியே கதிரையில் நான் இருக்கும்போதுதான் உன் பதில் வந்தது. அம்மா எங்கள் மூன்று பேரின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதியிருக்கிறார், நீ திருப்பி எழுதியது, ஓ மை கோட், இஸ் பெர்ல் ஓகே? மவுத்வாஷை விழுங்கிவிட்டாளா என்று அதற்குக் கீழே இன்னொரு கேள்வி. பிறகுதான் பூவர் றஸ்ரி. என் சட்டை முழுக்க நாயின் இரத்தம். நான் அந்தப் போனை எறியாமல் இருந்தது மாதா செய்த புதுமை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், உமக்கு நாயா பாம்பா, ஒன்றைச் சொல்லும் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "பாம்பு என்ன பிழை விட்டது, அதுக்குத் தீன் மணம் வந்தது, பிடிச்சது. உங்கட நாய்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது. முத்து இஞ்சதான் இருக்கும்" என்றார். இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிசி. எனக்கு வந்த கோபத்தில் நாலு உடுப்பை ஒரு பையில் வைத்தேன், றஸ்ரியை டொக்டரிடம் இருந்து எடுத்துக்கொண்டு நேரே, என்னோடு பஸ் ஓடிய சிவபாலனின் தூங்காபி வீட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு நான் என்னவென்று சொல்ல? மனிசியோடு ஏன் சண்டை என்று கேட்கிறார், பாம்பால் என்கிறேன், ஆள் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார். ஞாயிறு தமிழ்ப் பூசையில் நானும் அம்மாவும் ஒரே வாங்கில் இருந்தோம், நடுவில் அவருடைய கைப்பை. சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தபோது முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், எல்லோருக்கும் இருவரும் கும்பிடு போட்டோம், எங்களுக்குள் இல்லை. விமலாதேவி அன்ரி வாசலில் வைத்து என்ன அண்ணை மெலிஞ்சு போனீங்கள் என்று கேட்கிறா. இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா?

அடுத்த செவ்வாய் அம்மா இடியப்பமும் மீன் சொதியும் கட்டிக்கொண்டு சிவபாலன் வீட்டுக்கு வந்தார். பின்வளவில் என்னை இருத்திச் சாப்பிடவைத்தார். றஸ்ரி அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டினான், மணந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினான், உடுப்பில் பாம்பு மணம். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. பிறகு சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "இஞ்சேருங்கோ, நான் என்ன அந்தப் பாம்பிலயோ ஆசை வச்சிருக்கிறன்? முத்து தோல் கழட்டினது எண்டு படம் அனுப்பினால் அவள் வேலைத்தலத்தில இருந்தெண்டாலும் உடன எடுக்கிறாள். வீடியோவில காட்டுங்கோ அம்மா எண்டுறாள். நான் பாம்பைக் காட்டுறன், அவளின்ர முகத்தை நான் பாக்கிறன். கோயில் பெருநாள் படம் அனுப்பினால் ரெண்டு மூண்டு நாள் கழிச்சு ஒரு சிவப்பு இதயம் வரும். பாம்பும் போச்சுதெண்டால் அவள் எனக்கு என்னத்துக்கு எடுக்கப்போறாள்?"

நான் தட்டைக் கீழே வைத்தேன். அதுவரை நாயிலும் பாம்பிலும் அம்மாவிலும் மாறி மாறி இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் கழன்று நேரே உன் பக்கம் திரும்பியது. அன்று பின்னேரமே நாயையும் பையையும் தூக்கிக்கொண்டு அம்மாவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் நிம்மதி இல்லை. உன் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறேன், திறப்பு என் கழுத்தில் செபமாலையோடு தொங்குகிறது. றஸ்ரி குசினியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கராஜில் படுக்கை போட்டுக் கொடுத்தேன், அங்கேதான் கிடக்கிறான், கதவு அசைந்தால் எழும்பி நிற்கிறான்.

அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், அம்மாவும் சம்மதித்துவிட்டார். மெரிலேண்ட்ஸில் ட்ரேசி என்று ஒரு பெண்மணி, பாம்பு வளர்க்கிறதில் பழுத்த ஆள், வீட்டில் நாய் பூனை ஒன்றும் இல்லை. மிருக டொக்டர்தான் அவவைக் காட்டிவிட்டவர். வந்து பார்த்தா, நல்ல பிள்ளை, நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அம்மாவைப் பாராட்டினா. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை விசாரிக்கிறது மாதிரி விசாரணை. வீட்டில சூடு காணுமோ, ஊருக்குப் போனால் ஆர் பாக்கிறது, எலி எங்க வாங்கிறனீர், கோபம் வந்தால் அடிப்பீரோ. நான்தான் இங்கிலீசில் சொல்லிக்கொண்டிருந்தேன், கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். விரும்பின ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று ட்ரேசி சொன்னா. வருகிற மாதத்து முதல் சனிக்கிழமை கொண்டுபோக வருகிறா. பாம்பு வளர்க்கிற லைசன்ஸ் உன் பேரில் இருப்பதால், ட்ரேசிக்குக் கொடுக்கிறேன் என்று நீதான் அறிவிக்கவேணும். நான் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே. அந்த வரியை நாங்கள் எத்தனையோ தரம் வாசித்துவிட்டோம். அம்மாவுக்கு உன் வாயால் சொல்லு, குடுங்கோ அம்மா என்று. நான் சொன்னால் அது நாய்க்காகச் சொன்னதாகத்தான் இருக்கும்.

பாம்பு போகிற அன்று பின்னேரம் கட்டாயம் போன் எடு. பெர்ல் எப்படிப் போனாள், பெட்டியில் சரியாகப் படுத்தாளா என்று கேட்காதே, அதையெல்லாம் ட்ரேசியிடம் கேள், நம்பரை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் அம்மாவைப் பற்றிக் கேள். கேட்க என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன். போன கிழமை அவருக்கு ஒரு கண்ணில் கற்றரக்ற், அதுதான் கண்புரை, வெட்டி எடுத்தார்கள். பிள்ளைக்கு வேலை கூட, சொல்லாதேங்கோ என்று என்னை மறித்துவிட்டார். கட்டு அவிழ்த்ததும் போனை எடுத்து, நீ எப்போதோ அனுப்பிய படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை மெலிஞ்சுதான் போனாள் என்றார். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

சுவெற்றர் போடாமல் வெளியே திரியாதே. கிழமையில் ஒரு நாளாவது சோறு சமை. டிசம்பரில் வருவதானால் இப்போதே ரிக்கற்றைப் பார், உன் கட்டிலைத் திரும்பப் பூட்டிவைக்கிறேன். மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன்.

உன் மேல் கோபமாகவே இருக்கும் அன்பு அப்பா,
சே. அமலதாஸ்

பி.கு. வலது கண். மாறிக் கேட்டுவிடாதே.