என் வயதைக் குணப்படுத்திச் சான்று வழங்கக் கோரி

அனுப்புநர்:
மூத்த செவிலியர்,
குழந்தைகள் வார்டு (தங்கள் ஆணைப்படி, தற்சமயம் துணிக்கிடங்கு),
பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை,
முதல் மாடி.

பொருள்: வெள்ளெழுத்து விழுந்த குற்றத்திற்காகத் துணிக்கிடங்கிற்கு அனுப்பப்பட்டமை – கண்ணாடி அணிந்து வார்டில் பணிபுரிய அனுமதி, அல்லது என் வயதைக் குறைத்து ஆணை – வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நேரம் எவ்வளவு அரிது என்பதைத் தங்கள் அறை வாசலில் பல முறை உட்கார்ந்து அறிந்திருக்கிறேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தவள் நான். அங்கே எல்லோருக்கும் 'சின்னக்கா'. கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டர்களே "சின்னக்காவக் கூப்பிடுங்க" என்பார்கள். தற்பெருமை இல்லை ஐயா. தாங்கள் கையொப்பமிட்ட பாராட்டுச் சான்றிதழ் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. எட்டத்தில் தொங்குவதால் அதை இன்றும் என்னால் தெளிவாகப் படிக்க முடிகிறது.

2. சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, எடை குறைந்து பிறந்த குழந்தை ஒன்றுக்கு மருந்து எடுக்கச் சின்ன சிரிஞ்சைக் கையில் எடுத்தேன். அதன் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. கையைத் தள்ளிப் பிடித்தேன், கொஞ்சம் தெளிந்தது. இன்னும் தள்ளினேன், நன்றாகவே தெரிந்தது. ஆனால் அந்தத் தூரத்தில் வைத்து மருந்து எடுப்பதற்கு எனக்கு இன்னொரு முழம் கை வேண்டும். உடனே நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்த இளைய செவிலியரை எடுக்கச் சொன்னேன். குழந்தைக்கு எந்தத் தீங்கும் இல்லை. அன்றே, எனக்கும் நாற்பது தாண்டிய மற்றவர்களுக்கும் கிட்டத்துப் பார்வையைச் சோதிக்க வேண்டும் என்று தங்களுக்கு எழுதினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

3. வார்டில் ஓடாத மின்விசிறிக்காக நான் எழுதிய விண்ணப்பங்கள் இன்றுவரை தங்கள் பரிசீலனையில் உள்ளன. இதற்கான பதிலோ மதிய உணவுக்கு முன்பே வந்துவிட்டது. தங்கள் சுறுசுறுப்பைக் கண்டு வாயடைத்துப் போனேன். "கண் முற்றிலும் குணமடைந்ததாகச் சான்று அளிக்கும் வரை வார்டில் பணிபுரியக் கூடாது, அதுவரை துணிக்கிடங்கைக் கவனிக்கவும்" என்று ஆணை. மிகப் பொருத்தமான இடம். இங்கே நான் படிக்க வேண்டியவை, படுக்கை விரிப்புகளில் உள்ளங்கை அகலத்துக்கு அச்சிட்டிருக்கும் 'மருத்துவமனைச் சொத்து' என்ற எழுத்துகள் மட்டுமே.

4. ஆணைக்குப் பணிந்து நம் கண் பிரிவுக்கே போனேன். அங்குள்ள பரிசோதகர் சின்னப் பெண். சுவரில் இருந்த அட்டையின் கடைசி வரியைப் படித்தேன், அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தேன். பிறகு ஒரு சிறு அட்டையைக் கையில் கொடுத்தாள். என் கை தானாக நீண்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "வெள்ளெழுத்து, அக்கா. நாப்பதுக்கு மேல எல்லாருக்கும் வர்றதுதான். கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் இறுகிப் போயிடும், கிட்டக்கப் பார்க்க வளைஞ்சு கொடுக்காது" என்றாள். ஒன்றரை பவர் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டாள். பையில் கொண்டுபோயிருந்த சிரிஞ்சை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் ஐயா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. அவள் எழுதிக் கொடுத்த கண்ணாடிச் சீட்டோடு தங்கள் அலுவலகத் தலைமை எழுத்தரிடம் ஓடினேன். அவர் அறிவுக்கூர்மையை இங்கே பதிவு செய்யாவிட்டால் பாவம் சேரும். "கண்ணாடியக் கழட்டினா மறுபடி தெரியாதுல்ல சிஸ்டர்? அப்ப குணமாகலன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். தம்முடைய கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக என்னைப் பார்த்தபடிதான் கேட்டார். அதைச் சுட்டிக்காட்டியபோது, "என்னோடது ஆபீஸ் வேலைம்மா" என்றார். முற்றிலும் குணமாகும் வைத்தியம் எதுவோ அதைச் செய்துகொண்டு வரச் சொன்னார்.

6. ஆகவே வைத்தியம் தேடிப் புறப்பட்டேன். விவரம் வருமாறு:

(அ) மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமான இரட்டைக் கண்ணாடி. இதை மாட்டிக்கொண்டு தலைக்கு மேல் தொங்கும் டிரிப் பாட்டிலைப் படிக்க வேண்டுமானால் மோவாயை வானத்துக்கு உயர்த்த வேண்டும். நடுவில் கோடு தெரியாத வகையும் உண்டு என்று எழுத்தரிடம் சொன்னேன். "கோடு தெரியாட்டி என்ன, கண்ணாடி தெரியுதே" என்று தள்ளுபடி செய்தார்.

(ஆ) காண்டாக்ட் லென்ஸ். ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று வைப்பார்களாம். ஒரு கண் வாசலையும் ஒரு கண் சிரிஞ்சையும் கவனிக்கும், மூளை போகப் போகப் பழகிக்கொள்ளும். சிலருக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது என்றும் சொன்னார்கள். என் மூளை பழகும் வரை எந்தக் குழந்தையின் கையில் ஊசி குத்திப் பழகுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்தருக்கு மட்டும் இது மிகவும் பிடித்துப்போயிற்று. வெளியே தெரியாதல்லவா?

(இ) சொட்டு மருந்து. கண்ணின் பாவையைச் சுருக்கி, சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாக்கும். மங்கலான வெளிச்சத்தில் இன்னும் இருட்டும், சிலருக்குத் தலைவலியும் வரும். அரை ஷிஃப்ட்டுக்குள் மட்டும், அதுவும் நல்ல வெளிச்சத்தில் மட்டும் நோயுறுவதாகக் குழந்தைகள் எழுதிக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

(ஈ) லேசர். இதைச் செய்தாலும் உள்ளே இருக்கும் லென்ஸ் அதன் பாட்டுக்கு வயதாகிக்கொண்டே போகும், சில ஆண்டுகளில் மறுபடியும் கண்ணாடி தேவைப்படலாம் என்றார்கள்.

(உ) இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் பொருத்துதல். கண் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புரை இருந்தா யோசிக்கலாம். ஒரு கண்ணாடியில முடியுற வேலைக்கு நல்லா இருக்குற கண்ண எதுக்கும்மா அறுக்கணும்?" என்றார். தங்கள் ஆணையின் ஒரு சொல்லுக்காக என்றேன்.

(ஊ) கேரட். இது என் வீட்டுக்காரரின் சிபாரிசு. கூடவே கண்ணை உருட்டும் பயிற்சியும் சொன்னார். செய்தேன். எழுத்து ஒன்றும் தெளியவில்லை. முறைக்கிறேன் என்று எண்ணிப் பக்கத்து வீட்டுக்காரி பேச்சை நிறுத்தியதுதான் மிச்சம்.

7. "குணமாகிவிட்டது என்றாவது எழுதிக் கொடுங்கள்" என்று கண் டாக்டரிடம் கெஞ்சினேன். "இது வியாதியே இல்ல. இல்லாத வியாதி குணமாயிடுச்சுன்னு நான் எப்படி எழுத? கண்ணாடியப் போட்டுட்டு வேலையப் பாருங்க" என்றார். எழுத்தரோ, குணமானால்தான் வார்டு என்கிறார். நடுவில் நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். தங்கள் அறையில் கோப்பு படிக்க வெளிச்சம் போதவில்லை என்று இவ்வாண்டு விளக்கை இரண்டு முறை மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். விளக்கு விரைவில் முற்றிலும் குணமடைய வேண்டுகிறேன்.

8. இதுவரை எழுதியது என் பாடு. இனி எழுதப்போவதற்காகத்தான் இம்மனு. சென்ற வாரம் விரிப்புகளைக் கொடுக்க வார்டுக்குப் போனேன். அங்கே ஒரு செவிலியர், யாரென்று சொல்ல மாட்டேன், தாங்களும் கேட்க வேண்டாம், ஜன்னல் பக்கம் திரும்பி, கையை முழுதாக நீட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிஞ்சில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். என் கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். அவர் பதறிப்போய் என் கையைத் தள்ளிவிட்டார். "உள்ள வை சின்னக்கா! யாராவது பார்த்துடப் போறாங்க. நீ வாயத் திறந்து என்ன ஆச்சுன்னு பார்த்தோம்ல?" என்றார். நானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அளவைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு.

9. ஆக, தங்கள் ஆணை முழு வெற்றி பெற்றுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அது வந்த நாளிலிருந்து குழந்தைகள் வார்டில் ஒருவர்கூடக் கண் தெரியவில்லை என்று புகார் செய்யவில்லை. கண்ணாடி வாங்கியவர்களும் அதைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள்.

10. எனவே, 'குணமடைந்ததாகச் சான்று அளிக்கும் வரை' என்பதை எடுத்துவிட்டு, 'கண்ணாடி அணிந்து பணிபுரியலாம்' என்று ஒரே ஒரு வரி எழுதி, என்னை வார்டுக்கு அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என்மேல் கோபம் தீரவில்லை என்றால் என்னை இங்கேயே வைத்திருங்கள், மடிப்பதற்குத் துணி நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வரியை இன்றே வார்டின் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அவர்கள் பயப்படாமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளட்டும். அங்கே படுத்திருப்பவை பேச்சு வராத குழந்தைகள் ஐயா. மருந்து கூடிவிட்டது என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியாது.

இடம்: துணிக்கிடங்கு, சலவை அறைக்குப் பின்புறம்
நாள்: இம்மாதம் பதினெட்டு

தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சின்னக்கா,
மூத்த செவிலியர்