அட்டையில் எழுதாத வரி

12-2-1969
ஜெபம் செய்ய வேண்டிய நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தப்புதான். வேறு யாரிடம் சொல்வது?

அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இந்த மாதமே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்கிறார் எழும்பூர் கண்ணாஸ்பத்திரி டாக்டர். அம்மா மாட்டேன் என்கிறாள். புத்தாண்டு ஆராதனையில் அவள் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ சும்மா இரு என்கிற வசனம் வந்ததாம். இந்த வருஷம் முழுக்க அவளுக்குக் கர்த்தர் தந்த வாக்கு அதுதானாம்.

15-2
நான் தட்டச்சு செய்துகொடுக்கும் வேதசிரோமணி சார் இறையியல் பேராசிரியர். வசனத்தைச் சீட்டுபோல எடுப்பது விசுவாசம் ஆகாது என்று இன்றைய கட்டுரையில் இருந்தது. தயங்கித் தயங்கி அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"அது எப்போ, யாருக்குச் சொன்னதுன்னு விளக்கும்மா. புரிஞ்சுப்பாங்க."

16-2
விளக்கினேன். அந்த வசனம் எகிப்திலிருந்து தப்பி வந்தவர்களுக்குச் சொன்னது, முன்னால் கடல், பின்னால் துரத்தி வரும் சேனை—

"எனக்கும் அதே கதிதான்டி. இதுல இன்னா புதுசா சொல்ல வந்துட்டே?"



18-2
ஒப்புக்கொண்டேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சபைக்கு அட்டைகளை எழுதித் தந்ததே நான். "ஒரு அட்டை குறைஞ்சுதும்மா. ஞாபகம் வந்த வசனத்தை எழுதிப்போட்டேன்."

"எழுதினது நீ. என் கையில குடுத்தது யாரு? பி.ஏ. படிச்சா போதுமா?"

அம்மா விடப்போவதில்லை.

21-2
வாதாட வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா. என் மூஞ்சியே உனக்குத் தெரியாம போயிட்டா?"

"எனக்கு மட்டும் இல்லியா? கண்ணுல கத்தி வெக்கப் போறான்டி!"

இதுவா? இத்தனை நாளும் இதுவா?

வேதத்தை எடுத்து, அவளால் இப்போது வாசிக்க முடியாத அந்த வசனம் வரும் பக்கத்தைத் தொடர்ந்து வாசித்தேன். சும்மா இருங்கள் என்றதற்கு அடுத்த வரியிலேயே, ஜனங்களைப் புறப்பட்டு நடக்கச் சொல்லு என்று வருகிறது.

"அதை ஏன்டி கார்டுல எழுதல?"

"இடம் போதலம்மா."

சிரித்துவிட்டாள். 

"சரி. எந்த ரயிலுக்குப் போவணும்?"

26-2
எழும்பூர். ஸ்ட்ரெச்சரில் அம்மா அமைதியாகத்தான் படுத்திருந்தாள்.  எனக்குத்தான் காலையிலிருந்து ஒரு வரி ஜெபம் வரவில்லை. நர்ஸ் கதவைத் திறந்த பிறகுதான், வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அம்மா, என் தலைமேல கை வெச்சு ஜெபம் பண்ணிட்டுப் போ."