212-ஆம் எண்ணில் இருவர்

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். மகளுக்குக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. உன் அண்ணன் அடியில் வாளி வைத்ததோடு சரி. போனில் பேசியிருந்தால், "விடுங்க அண்ணி" என்று நீ சொல்லியிருப்பாய். அதனால்தான் கடிதம்.

தொடக்கம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு வருகிறது. மருத்துவமனை மென்பொருளில் 'நோயாளி' என்ற பேரன்ட் கிளாஸை, மற்ற எல்லா வகைக்கும் தாயான பகுதியை, நீ எழுதினாய். உள்நோயாளி, வெளிநோயாளி எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. எண் கொடுக்கும் விதியையும் அதிலேயே வைத்திருந்தாய். யார் எந்த வழியாக வந்தாலும் ஒரே வரிசையில் அடுத்த எண். நீ வேலையை விட்டுப்போன பிறகு அது என் கைக்கு வந்தது. அப்போது, வீட்டுக்கே சென்று ரத்தம் எடுக்கும் பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கு ஒன்றிலிருந்து எண் வேண்டும் என்றார்கள். நான் அந்த விதியை மாற்றி, ஒவ்வொரு பிரிவின் டேபிளும் தன் எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும்படி செய்தேன். தனித்தனியாகச் சோதித்தேன், சரியாக இருந்தது. ஆய்வகத் திரை எந்தப் பிரிவு என்று பார்க்காமல் எண்ணை மட்டும்தான் கேட்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

212 என்ற எண்ணில் இரண்டு பேர். பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை, வீட்டில் ரத்தம் கொடுத்த ஓர் ஆள். அந்த ஆளுடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, ஆசிரியைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது நாள் கழித்துத்தான் ஆசிரியைக்கு மருந்து தொடங்கியது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

விசாரணையில் நம் மேனேஜர் அந்த நிரல் கோப்பைத் திறந்தார். மேலே, எழுதியவர் என்று உன் பெயர் இருந்தது. "தப்பு போனவ பேர்லயே இருக்கட்டும்மா. உங்க நாத்தனார்தானே, வீட்டுக்குள்ள சமாளிச்சுக்க மாட்டீங்களா?" என்று சிரித்தார். எந்த வரியை யார் மாற்றினார்கள் என்ற மாற்றப் பட்டியலைத் திறந்தால் என் பெயர் தெரியும். யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்து டீ குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது.

அந்த விசாரணை அறிக்கை உன் புதிய அலுவலகம் வரை போனதால், உன் வேலையை நிரந்தரமாக்குவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று உன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். "அவ எப்பவுமே அவசரக்குடுக்கைதான்" என்றார் சாப்பிடும்போது. நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன். அழுகை வரவில்லை. பத்து நாளாக எதுவுமே வரவில்லை.

இன்று காலை மாற்றப் பட்டியலை அச்செடுத்து, என் வரியைக் கோடிட்டு, மருத்துவமனைக்கும் உன் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி என்றேன். இந்தக் கடிதத்தோடும் ஒரு பிரதி இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்.

உன் அண்ணனுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, மகள் வகுப்புக்குப் போன பிறகு சொல்லப்போகிறேன். அவர் உடனே உன்னைக் கூப்பிடுவார். என்ன பேசுவதென்று தெரியாமல் குழாயைப் பற்றிப் பேசுவார். நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவர் கூப்பிட்டால் மட்டும் போனை எடு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி